டிராக்டரின் கியர் எண்ணெய்: வீட்டிலேயே மாற்றும் முறை

உழவு மாட்டுக்கு உடல் நலம் குன்றினால் அது தீவனத்தை ஒதுக்கும். கண் சோர்ந்து நிற்கும். அதைக் கண்டவுடன் உழவர் நுகத்தடியை இறக்கிவிட்டு வைத்தியம் பார்ப்பார். டிராக்டருக்கும் அத்தகைய நோய்க்குறிகள் உண்டு. ஆனால் அவை கியர் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெயில் முதலில் தோன்றுவதால் பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. இஞ்சின் எண்ணெயைக் காலந்தவறாமல் மாற்றும் அங்கத்தினர்களிலும், பின்பக்கப் பெட்டியின் எண்ணெயை ஆண்டுக்கணக்கில் திறந்தே பார்க்காதவர் உண்டு.

திருத்தணி வட்டத்தில், கே.ஜி.கண்டிகையைச் சுற்றியுள்ள பகுதிகளில், சொர்ணவாரி, சம்பா, நவரை என நெற்பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றிற்கிடையே நிலக்கடலை உழவு உண்டு. திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வேலையும் உண்டு. ஒரு பருவத்தில் முழங்கால் சேற்றில் உழும் வண்டியே, அடுத்த பருவத்தில் பாரம் நிறைந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு சாலையில் செல்கிறது. சேற்றில் கலப்பையைத் தூக்குவதும், சாலையில் வண்டியை நிறுத்துவதும் பெரும்பாலான புதிய டிராக்டர்களில் ஒரே எண்ணெயை நம்பியே நடைபெறுகின்றன. ஆகவே அவ்வெண்ணெயின் தன்மையை அறிந்து, அதை நம் வீட்டு முற்றத்திலேயே முறையாக மாற்றக் கற்றுக்கொள்வது இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஒரு பெட்டி, நான்கு வேலைகள்

இந்த அமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்பவர், கலப்பையைச் சங்கிலியிட்டு இழுத்துச் செல்லாமல், டிராக்டரோடு மூன்று இடங்களில் பிணைத்து, எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு தூக்கவும் இறக்கவும் வழி கண்டார். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை உற்பத்தியான அவருடைய டி.இ.20 டிராக்டரில், இதற்கான எண்ணெய்ப் பம்பு பல்சக்கரங்கள் சுழலும் பெட்டிக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. பல்சக்கரங்களுக்கும் பம்புக்கும் எண்ணெய் ஒன்றே. பெர்குசனின் நிறுவனம் 1953இல் மாஸி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. பின்னர் மாஸி பெர்குசன் என்ற பெயர் நிலைத்தது. 1960இல் சென்னையில் நிறுவப்பட்ட டாஃபே நிறுவனம் அவ்வகை டிராக்டர்களை நம் நாட்டில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. இவ்வாறு வந்த பொது எண்ணெய் முறையை இன்று பல நிறுவனங்களின் வண்டிகளில் காணலாம்.

இந்த எண்ணெய் செய்யும் வேலைகள் நான்கு. முதலாவது, பல்சக்கரங்களும் பேரிங்குகளும் ஒன்றோடொன்று உராய்ந்து தேயாமல் இடையே மெல்லிய படலமாக நிற்பது. இரண்டாவது, அங்கே உண்டாகும் சூட்டைப் பெட்டியின் சுவருக்கு எடுத்துச் சென்று வெளியேற்றுவது. மூன்றாவது, பம்பின் வழியே அழுத்தம் பெற்று ஹைட்ராலிக் கைகளைத் தூக்குவது. நான்காவது, எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளில், பிரேக் தகடுகளைக் குளிர்வித்து அவை சீராகப் பற்ற உதவுவது.

இங்கே நாம் மனத்தில் நிறுத்த வேண்டிய உண்மை ஒன்று உண்டு. மசகு போடுவது மட்டுமே இவ்வெண்ணெயின் வேலையாக இருந்தால், வழுக்கலாயுள்ள எந்த எண்ணெயையும் ஊற்றிவிடலாம். ஆனால் பல்சக்கரத்துக்கு வழுக்கல் வேண்டும். பிரேக் தகட்டுக்கோ பிடிப்பு வேண்டும். முரண்பட்ட இவ்விரண்டையும் ஒரே எண்ணெய் தருமாறு அளவறிந்து மருந்துப் பொருள்களைச் சேர்த்துத் தயாரிக்கின்றனர். அந்த அளவு கெட்டால் நான்கு வேலைகளும் சேர்ந்தே கெடும்.

எந்த எண்ணெய்?

இக்கேள்விக்கு விடை கூற வேண்டியது வண்டியோடு வந்த கைப்புத்தகமே. கடைக்காரரோ அயலாரோ அல்லர். பொதுப் பெட்டி உள்ள வண்டிகளுக்கு யு.டி.டி.ஓ. என்று டப்பாவில் குறிக்கப்பட்ட டிராக்டர் எண்ணெயை விதிப்பது வழக்கம். சில பழைய வண்டிகளில் கியர் பெட்டிக்கு எஸ்.ஏ.இ. 90 என்னும் கெட்டி எண்ணெயும், ஹைட்ராலிக் பகுதிக்கு வேறு எண்ணெயும் தனித்தனியே ஊற்றப்படும். இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

பொதுப் பெட்டியில் கெட்டியான 90 எண்ணெயை ஊற்றினால், குளிர்ந்த காலை வேளையில் பம்பு அதை உறிஞ்சத் திணறும். ஊளையிடுவது போன்ற ஓசை எழும். கைகள் மெதுவாக எழும்பும். மலிவு கருதி இஞ்சின் எண்ணெயை ஊற்றினால், பிடிப்புக்குரிய மருந்து அதில் இல்லாமையால் எண்ணெயில் மூழ்கிய பிரேக் கீச்சிடும், அதிரும், பிடிப்பு சீர்குலையும். இக்கேடு உழவில் தெரியாது. பாரத்தோடு இறக்கத்தில் வரும்போதுதான் தெரியும். அப்போது அறிந்து பயன் யாது?

எண்ணெயின் நோய்க்குறிகள்

எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தெளிந்த பொன்னிறமோ சற்றே பழுப்பு நிறமோ இருந்தால் கவலை வேண்டா. மோர் கலந்தது போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் மிகையான சூட்டில் எண்ணெய் வெந்துள்ளது. பிரேக் இடைவிடாது உராய்ந்திருக்கலாம்.

நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படுவது நீர் புகுதலே. கேஜ் வீல் பூட்டிச் சேற்றுழவு செய்யும்போது பின் அச்சு சேற்று நீரில் மூழ்குகிறது. தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும், கியர் கம்பியின் அடியிலுள்ள கிழிந்த ரப்பர் உறை வழியாகவும் நீர் உட்செல்கிறது. பகலில் சூடேறிய பெட்டி இரவில் குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்வதும் உண்டு. நீர் கலந்த எண்ணெய் பேரிங்குகளைத் துருப்பிடிக்கச் செய்யும். படலம் உடைந்து பற்கள் தேயும்.

ஐயம் இருப்பின் இரண்டு எளிய சோதனைகள் உள. கண்ணாடிப் புட்டியில் சிறிது எண்ணெயை எடுத்து ஓரிரவு அசையாமல் வைத்தால், பிரிந்த நீர் அடியில் தங்கும். அல்லது திறந்த வெளியில் ஒரு தகரத் துண்டை நன்கு சூடேற்றி, அதனை அடுப்பிலிருந்து அகற்றியபின் ஒரே ஒரு சொட்டு விடலாம். படபடவென்று வெடித்தால் நீர் உண்டு. அமைதியாகப் புகைந்தால் இல்லை. சொட்டு தெறிக்குமாதலால் முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும்.

எப்போது மாற்றுவது?

வண்டியிலுள்ள மணிக்கணக்குக் கருவியே இதற்கு வழிகாட்டி. பல கைப்புத்தகங்கள் 1000 மணி நேர ஓட்டத்தை ஒட்டிய அளவைக் குறிக்கின்றன. சிலவற்றில் இது கூடவோ குறையவோ இருக்கும். புதிய வண்டிக்கு முதல் மாற்றம் மிக விரைவில் வரும். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் இரும்புத் துகள்களை வெளியேற்றுவதே அதன் காரணம். நீர் கலந்தது உறுதியானால் மணிக்கணக்கைப் பார்த்துக் காத்திருத்தல் கூடாது. உடனே மாற்றிவிட வேண்டும். சம்பாச் சேற்றுழவு முடிந்து, கரும்பு ஏற்றும் வேலை தொடங்குவதற்கு முன்னுள்ள ஓய்வு நாள்கள் எண்ணெயைச் சோதிக்கவும் மாற்றவும் ஏற்றவை.

சேகரிக்க வேண்டியவை

கைப்புத்தகத்தில் கண்ட அளவு புதிய எண்ணெய் வேண்டும். நடுத்தர வண்டிகளில் இது பெரும்பாலும் 30 முதல் 60 லிட்டர் வரை இருக்கும். அதே அளவு பழைய எண்ணெயைப் பிடிக்க அகன்ற தொட்டியும் மூடியுள்ள கேன்களும் வேண்டும். புதிய ஃபில்டர், டிரெயின் பிளக்குக்குப் புதிய வாஷர், ரப்பர் வளையங்கள், சரியான அளவு ஸ்பானர், வலை பொருத்திய புனல், பிரஷ், டீசல் சிறிது, சக்கரத்துக்கு அடை கொடுக்கக் கட்டைகள் ஆகியவற்றையும் முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நெசவாளர் வீடுகள் நிறைந்த நம் பகுதியில் துடைப்பதற்குக் கழிவு நூல் எளிதில் கிடைக்கும். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் கேட்கவே வேண்டா. கைகளைத் துடைக்க அது நன்று. ஆனால் பெட்டியின் உட்புறத்தையோ ஃபில்டர் அமரும் இடத்தையோ அதனால் துடைக்கலாகாது. பஞ்சுத் தும்பு தறியில் படிந்தால் செய்யும் கேட்டை நெசவாளர் அறிவர். பம்பின் உறிஞ்சு வழியில் படிந்தால் அதனினும் கேடு. தும்பு உதிராத பழைய வேட்டித் துணியே ஏற்றது.

பழைய எண்ணெயை வடித்தல்

வண்டியை இருபது நிமிடம் ஓட்டி, ஹைட்ராலிக் கைகளைப் பலமுறை ஏற்றி இறக்குக. வெதுவெதுப்பான எண்ணெய் விரைந்து வடியும். அடியில் தங்கிய கசடும் அதனோடு வெளியேறும். பின்னர்ச் சமதரையில் நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கி, கைப்பிரேக்கைப் பூட்டி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, இஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். தூக்கி நிற்கும் கருவியின் கீழோ, ஜாக்கி ஒன்றையே நம்பி நிற்கும் வண்டியின் கீழோ ஒருபோதும் புகலாகாது.

அடுத்து ஒரு முக்கியமான ஒழுங்கு. முதலில் எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் பிறகே கீழேயுள்ள பிளக்கைத் தொட வேண்டும். மேல் மூடி துருவேறிச் சிக்கிக்கொண்டிருப்பதைக் கீழே வடித்த பின்னர் அறிந்தால், எண்ணெயற்ற வண்டி முற்றத்திலேயே நின்றுவிடும். மூடியைத் திறக்குமுன் சுற்றிலுமுள்ள மண்ணைப் பிரஷ்ஷினால் நீக்கி, டீசல் நனைத்த துணியால் துடைக்கவும்.

வடிக்கும் பிளக் ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. கியர் பெட்டியின் அடியில் ஒன்று, பின் அச்சின் நடுவில் ஒன்று, இருபக்க அச்சு வீடுகளின் அடியிலும் ஒவ்வொன்று எனப் பல இருக்கக்கூடும். கைப்புத்தகப் படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் திறக்க வேண்டும். எண்ணெய் சூடாயிருக்கும், பிளக்கின் கடைசிச் சுற்றைக் கழற்றும்போது கையை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அரைமணி நேரமாவது வடியவிடுவது நலம்.

பல வண்டிகளில் பிளக்கின் நுனியில் காந்தம் பொருத்தியிருக்கும். அதில் மாவு போன்ற சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலுக்குத் தட்டுப்படும் இரும்புச் சில்லுகளோ பல்லின் உடைந்த துண்டோ இருந்தால், புதிய எண்ணெயை ஊற்றுமுன் தேர்ந்த மெக்கானிக்கை அழைத்துக் காட்ட வேண்டும். எண்ணெய் மாற்றுவதால் உடைந்த பல் ஒட்டிக்கொள்ளாது.

ஃபில்டரும் மூச்சுத்துளையும்

கம்பி வலையாலான ஃபில்டரை டீசலில் கழுவி உலர்த்தி மீண்டும் பொருத்தலாம். காகித ஃபில்டரைக் கழுவுதல் கூடாது. புதியது போட வேண்டும். ரப்பர் வளையங்களையும் புதிதாக இட்டு, அவற்றின்மேல் சிறிது புதிய எண்ணெய் தடவுக. உலர்ந்த வளையம் முறுகினால் பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். கைகள் நடுங்கி நடுங்கி எழும்பும்.

பெட்டியின் மேற்புறத்தில் பிரீதர் எனப்படும் மூச்சுத்துளை உண்டு. அது சேற்றினால் அடைபட்டால், சூட்டில் விரியும் காற்று வெளியேற வழியின்றி ஆயில் சீலைத் தள்ளும். எண்ணெய் கசியத் தொடங்கும். சீல் மாற்றும் செலவுக்குமுன் இச்சிறு துளையைத் துப்புரவு செய்து பார்த்தல் அறிவுடைமை.

புதிய எண்ணெயை ஊற்றுதல்

பிளக்குகளைப் புதிய வாஷரோடு இறுக்கி, எத்தனை கழற்றினோமோ அத்தனையும் பூட்டப்பட்டனவா என எண்ணிப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் மரை அழியும். பின்னர் வலையுள்ள புனல் வழியே மெதுவாக ஊற்றுக. கெட்டியான எண்ணெய் பெட்டியின் எல்லா அறைகளுக்கும் பரவச் சற்று நேரம் ஆகும். பத்து நிமிடம் பொறுத்து அளவுக்கம்பியைப் பார்க்கவும்.

இஞ்சினை இயக்கி, கைகளைப் பத்து முறை ஏற்றி இறக்கவும். வெற்றுக் குழாய்களில் எண்ணெய் நிறையும். இஞ்சினை நிறுத்தி, கைகள் இறங்கிய நிலையில் மீண்டும் அளந்து, குறைந்ததை ஊற்றுக. மேற்குறியைத் தாண்டி நிரப்புவது பாதுகாப்பு என்று கருதுவோர் உளர், அது தவறு. மிகுதியான எண்ணெயைப் பற்கள் கடைந்து நுரையாக்கும். நுரை அழுத்தம் தராது, சூடும் ஏறும். குறைவாக இருந்தாலோ மேட்டுச் சரிவில் பம்பு காற்றை உறிஞ்சும். இரு குறிகளுக்கும் இடையே நிற்பதே முறை.

இறுதியாக, முற்றத்திலேயே பாரமின்றி மெதுவாக ஓட்டி இரண்டு பிரேக்குகளையும் சோதிக்கவும். சாலைக்குச் செல்லுமுன் இரு பிரேக் மிதிகளையும் தாழிட்டு இணைக்க வேண்டும். மறுநாள் காலையில் பிளக்குகளின் அடியில் கசிவு உண்டா எனப் பார்த்துவிட்டே பாரம் ஏற்றலாம்.

பழைய எண்ணெய் யாருக்கு?

வடித்த நாற்பது ஐம்பது லிட்டரை என்ன செய்வது? வாய்க்காலில் ஊற்றினால் நம் கிணற்றுக்கே அது திரும்பி வரும். அடுப்பில் எரித்தால் நச்சுப்புகை உண்டாகும். மாட்டின் புண்ணில் பூசுவதும் தீங்கே. பயன்படுத்திய எண்ணெயை 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அபாயக் கழிவுகளில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்போரிடமே அது சேர வேண்டும் என்கின்றன. மூடிய கேனில் நீர் புகாமல் சேர்த்து வைத்து அத்தகையோரிடம் கொடுப்பதே வழி. தனியொருவரின் ஒரு கேனுக்காக அவர்கள் வருவது அரிது. இருபது அங்கத்தினர் ஓரிடத்தில் சேர்த்தால் வருவர். கையில் பட்டதைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும்.

தானியங்கி கியர் உள்ள கார்கள்

அங்கத்தினர் குடும்பங்களில் சிலர் இன்று கிளட்ச் மிதி இல்லாத தானியங்கிக் கார்களை வைத்துள்ளனர். அவர்களுக்கும் இப்பாடத்தின் அடிப்படை பொருந்தும். பலவகைத் தானியங்கிக் கார்களில் இஞ்சினின் விசையையே எண்ணெய்தான் சக்கரங்களை நோக்கிக் கடத்துகிறது. டார்க் கன்வர்ட்டர் எனப்படும் இக்கருவிக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905இல் உரிமம் பெற்றார். முதலில் அது கப்பல்களுக்கென அமைந்தது.

ஆனால் வேற்றுமைகளும் உண்டு. அடியிலுள்ள பிளக்கைத் திறந்தால் எண்ணெயில் ஒரு பகுதியே வடியும். எஞ்சியது கன்வர்ட்டரில் தங்கிவிடும். ஆகவே எவ்வளவு வடிந்ததென்று அளந்து, அவ்வளவே ஊற்ற வேண்டும். பல கார்களில் அளவுக்கம்பியே இல்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது, பக்கத்துளை வழியே மட்டம் பார்க்க வேண்டும். காரைச் சமமாக உயர்த்த வசதியும் வெப்பநிலை காட்டும் கருவியும் இல்லாதவர் இவ்வேலையைத் தேர்ந்த பட்டறையில் விடுவதே நன்று. அங்கும் ஊற்றப்படும் எண்ணெயின் பெயர் கைப்புத்தகத்தில் கண்டதுதானா என்று உரிமையாளரே படித்துப் பார்க்க வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியவை

தனியே வாங்கினால் சில்லறை விலை. சேர்ந்து வாங்கினால் பீப்பாய் விலை. ஒரேவகை எண்ணெய் தேவைப்படும் அங்கத்தினர் ஒன்று கூடி, முத்திரை உடையாத பீப்பாயாகச் சங்கத்தின் மூலம் வாங்கினால் விலையும் குறையும். கலப்படத்துக்கும் அஞ்ச வேண்டா. பெரிய ஸ்பானர்களும் வடிக்கும் தொட்டியும் சங்கத்தில் ஒரு தொகுதி இருந்தால் பலருக்கும் பயன்படும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றில் வேளாண் இயந்திர வாடகை மையங்கள் உள்ளன. அங்குள்ள டிராக்டரைப் பலர் ஓட்டுவர். அதனால் எண்ணெயைப் பார்ப்பது தம் கடமை என்று ஒருவரும் எண்ணாமல் போகக்கூடும். ஒரு நோட்டுப் புத்தகம் இக்குறையைத் தீர்க்கும். தேதி, மணிக்கணக்கு, எண்ணெயின் பெயர், ஊற்றிய லிட்டர், காந்தத்தில் கண்டது, மாற்றியவர் கையொப்பம் ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும். அடுத்து வண்டியை எடுப்பவர் அதைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும். பங்குத்தொகைக்குக் கணக்கு எழுதும் நாம், பங்குத்தொகையால் வாங்கிய வண்டிக்கும் கணக்கு எழுதுவது முறைதானே? கரும்பு ஏற்றிய டிரெய்லரை இழுத்துச் சாலையில் வரும் வண்டியின் பிரேக்கை நம்பி, ஓட்டுபவர் மட்டுமல்லர், எதிரே நடந்து வரும் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கின்றனர்.

அங்கத்தினர் கூட்டத்தில் விவாதிக்கச் சில வினாக்கள்

1. உங்கள் டிராக்டரில் பிரேக், எண்ணெயில் மூழ்கியதா, உலர்ந்த வகையா? கைப்புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இது குறிக்கப்பட்டுள்ளது?

2. கடைசியாகக் கியர் எண்ணெய் மாற்றியபோது மணிக்கணக்குக் கருவி காட்டியது எவ்வளவு? எழுதி வைத்திருக்கிறீர்களா?

3. மேல் மூடியை முதலில் திறக்க வேண்டும் என்பதன் காரணம் யாது?

4. நம் சங்கத்தில் ஒரேவகை எண்ணெய் தேவைப்படும் வண்டிகள் எத்தனை? பீப்பாயாக வாங்க இசைவோர் யாவர்?

5. பழைய எண்ணெயைச் சேர்த்து வைக்க, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவான இடம் நம் ஊரில் எது?